‘ஒருவருமில்லை’ என்று சொன்னவர்

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் உங்களை விடாமல் பிடித்துக்கொண்ட வேத வசனம் எது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு யோவான் சுவிசேஷம் 5ஆம் அதிகாரம். 38 வருடம் வியாதியோடு இருந்து, தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்கினால் சுகமாகலாம் என்று பெதஸ்தா குளக்கரையில் கிடந்தவரை இயேசு எழுப்பிய கதை.

நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். கட்டிக்கொடுத்தது கடலோர ஊர் ஒன்றில், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். அம்மா வீட்டில் ‘லெந்து நாட்கள்’, இங்கே ‘தவக்காலம்’. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி (ஒருவேளை உணவு), மற்ற வெள்ளிகளில் சுத்தபோசனம் (இறைச்சி இல்லாத சாப்பாடு) என்று மாமியார்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வசனம் மட்டும் இன்னும் அம்மா வீட்டுப் பழைய வேதாகமத்தின் வார்த்தைகளில்தான் என் மனதில் நிற்கிறது.

நான்கு வருடத்துக்கு முன், தவக்காலத்தின் நான்காம் வாரம், மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். செவ்வாய்க்கிழமை காலைத் திருப்பலிக்குப் போய்விட்டு நேராக அங்கே போனேன். அன்றைய வாசகம் யோவான் 5. ஒவ்வொரு வருடமும் அந்தச் செவ்வாய்க்கு அதே வாசகம்தான், அதனால் பாதி காதில்தான் கேட்டேன்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே கட்டு. மடியில் சுருட்டிய கோரைப்பாய், சணல் கயிறு போட்டுக் கட்டியது. பாய்ச் சுருளுக்குள் ஒரு சில்வர் டம்ளரைச் செருகி வைத்திருந்தார்.

“கூட யாரும் வரலையா தாத்தா?”

“யாருமில்லம்மா. சீட்டு அந்தக் கடைசியில பதியணும், முத்திரை இங்க வாங்கணும். இந்தக் காலை இழுத்துக்கிட்டு நான் போறதுக்குள்ள ஜன்னலை மூடிடுறாங்க. மூணு நாளா வாரேன்.”

காலையில் பாதி காதில் கேட்டது அப்போது முழுசாகக் கேட்டது. “என்னைக் குளத்தில் கொண்டுபோய் விடுகிறதற்கு ஒருவருமில்லை.” எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனாலும் நான் எழுந்து அந்தச் சீட்டை வாங்கவில்லை. “அடடா” என்றேன், அவ்வளவுதான். அதற்குள் மாமியார் பெயரைக் கூப்பிட்டார்கள், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வெளியே வந்தபோது மணி ஒன்றே கால். ஜன்னல் மூடியிருந்தது. பெஞ்சில் அவர் இல்லை. அடுத்த இரண்டு நாளும் தேடினேன், கண்ணில் படவேயில்லை.

இந்தப் பகுதிக்குப் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். “சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா?” என்று ஆண்டவர் கேட்டால், ஆமாம் என்று சொல்லாமல் சாக்குச் சொல்கிறான் பாருங்கள், அடுத்தவனைக் குறை சொல்கிறான் பாருங்கள் என்பார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னார். சுகமாக ஆசை இல்லாமலா 38 வருடம் வியாதியோடு இழுத்துக்கொண்டு, அந்தக் குளத்தங்கரையிலேயே கிடப்பார்? அவருக்குத் தூக்கிவிட ஆள் இல்லை.

எருசலேமில் புனித அன்னாள் கோவிலை ஒட்டி அந்தக் குளத்தைத் தோண்டிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குளங்கள், நல்ல ஆழம். நாலு பக்கமும் மண்டபம், இரண்டுக்கும் நடுவே ஐந்தாவது மண்டபம் என்று விளக்குகிறார்கள். யோவான் சொல்லும் ஐந்து மண்டபக் கணக்கு அதோடு சரியாகப் பொருந்துகிறது. அந்த ஆழத்தில் கால் வராத ஒருவர் தானாக எப்படி இறங்குவார்? ஐந்து மண்டபத்திலும் ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள், அவருக்கு மட்டும் ஒருவருமில்லை. அன்றைக்கு எங்கள் வராந்தாவிலும் நாற்பது பேர் இருந்திருப்போம்.

சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளி ஏசாயா 58 வாசிப்பார்கள். பசியுள்ளவனுக்கு ஆகாரம், வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரம், இதெல்லாம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதே வசனத்தின் கடைசியில் “உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறதும்” என்று ஒன்று இருக்கிறது. என்னைக் குத்துவது அதுதான். ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

அதற்கடுத்த தவக்காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் சமையலைச் சுருக்கிக்கொள்கிறோம். கஞ்சியும் துவையலும் போதும் என்று மாமியாரே சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆள் இல்லாதவர்களின் சீட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறேன்.

பதில்

அக்கா, நான் நர்ஸ். 22 வருடமாக வார்டில் இருக்கிறேன். கூட ஆள் உள்ள நோயாளிக்குக் குளுக்கோஸ் தீரப்போகிறது என்றால் மூன்று பேர் ஓடிவந்து சொல்வார்கள். ஆள் இல்லாதவருக்கு நாங்களாகப் பார்த்தால்தான் உண்டு. அதனால் கட்டிலில் தொங்கும் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் சின்ன வட்டம் போட்டு வைப்பேன், அடுத்த டியூட்டிக்கு வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று. போன சாம்பல் புதன் காலையில் நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன். வட்டம் போட்ட கட்டிலில் இருந்த ஒரு பாட்டி, “என்னம்மா நெத்தியில?” என்றார். “மண்ணுக்குத் திரும்புவோம்னு நினைப்பூட்ட” என்றேன். “எனக்குத்தான் அது தினமும் நினைப்பு இருக்கே. நீ கொஞ்ச நேரம் இப்படி உட்காரு” என்றார். உட்கார்ந்தேன்.

பதில்

சகோதரி, நல்ல சாட்சி. ஆனால் அந்த மனிதரை இவ்வளவு தூக்கி வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 15ஆம் வசனத்தைப் பாருங்கள். தன்னைக் குணமாக்கியவர் இயேசு என்று யூதர்களிடம் போய்ச் சொல்கிறார், அதன்பின், ஓய்வுநாளில் குணமாக்கினார் என்று அவர்கள் இயேசுவைத் துன்பப்படுத்துகிறார்கள். அப்புறம், தூதன் வந்து தண்ணீரைக் கலக்கும் 4ஆம் வசனம் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

முதலில் எழுதியவரின் பதில்

ஐயா, 15ஆம் வசனம் என்னையும் குழப்பியிருக்கிறது. அவர் காட்டிக்கொடுக்கத்தான் போனாரா, சந்தோஷத்தில் போய்ச் சொன்னாரா என்று வேதத்தில் இல்லை. எப்படியானாலும், ஆண்டவர் அவரை எழுப்பியபோது தன்னை எழுப்பியது யார் என்றே அவருக்குத் தெரியாது, 13ஆம் வசனம். அவர் நல்லவரா, நன்றியுள்ளவரா என்று விசாரித்துவிட்டு ஆண்டவர் குணமாக்கவில்லை. 4ஆம் வசனம் பற்றி நீங்கள் சொல்வது சரி. “ஒருவருமில்லை” என்ற 7ஆம் வசனம் அந்தப் பழைய பிரதிகளிலும் இருக்கிறதே ஐயா.

தனியாக விசாரித்தவர்களுக்கு: இந்த வெள்ளி கோவிலில் சிலுவைப்பாதை ஜெபம் சாயங்காலம்தான், காலை நேரம் இருக்கிறது. எட்டு மணிக்கு எக்ஸ்ரே அறைப் பக்கம் நிற்பேன். ஆளுக்கு இரண்டு பேனா கொண்டுவாருங்கள், வாங்குகிறவர்கள் திருப்பித் தர மறந்துவிடுகிறார்கள்.