கெடா தேர்வுல பஞ்சு எடையா, நார் மெலிவா? தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம்ங்க. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மலபாரி, அட்டப்பாடி கருப்பு ரெண்டு வகை ஆடும் வெச்சிருக்கேன். பையன் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில படிக்கறான். பஷ்மினா சால்வைக்குப் பஞ்சு முடி தர்ற லடாக் சாங்தாங்கி ஆட்டைப் பத்தி அசைன்மென்ட். வீட்டுல இப்ப அதே பேச்சுதான்.

மேல இருக்கற முரட்டு முடி ஒரு வகை வேர்ப்பையில, அடியில இருக்கற பஞ்சு முடி வேற வகை வேர்ப்பையில முளைக்குது. பஞ்சோட தடிமன் 12 முதல் 15 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு); ஆட்டுக்கு வருஷம் சில நூறு கிராம்தான், சீப்பு போட்டு வாரி எடுக்கணும். வம்பு என்னன்னா, பஞ்சு எடை அதிகம் தர்ற கெடாவையே பாத்து இனம் சேர்க்க விட்டா குட்டிகளுக்கு நார் தடிச்சுப் போகுது. பால் அளவு ஏற ஏற கொழுப்பு சதவீதம் எறங்கற அதே கதைதான்.

எடைக்கு எத்தனை, மெலிவுக்கு எத்தனைன்னு மதிப்பெண் போட்டுக் கெடா தேர்வு செஞ்சவங்க கணக்கோட விளக்க முடியுங்களா? முடி வளர்றதை நிறுத்தற எஃப்ஜிஎஃப்5-ங்கற ஜீனை முடக்கினா முடி நீளுமாம். தடிக்காமலே எடை ஏறுமா?

லடாக் கெடாவை இங்க கொண்டு வாங்கன்னு மட்டும் ஆசை காட்டாதீங்க, இந்த வெயிலுக்கு அது பாவம்.

கோயமுத்தூர், பாலக்காட்டுல நார் தடிமன் அளக்கற லேப் இருந்தாலும் சொல்லுங்க. எங்க கருப்பாட்டுத் தோள்ல முடியைப் பிரிச்சா அடியில சாம்பல் பஞ்சு கொஞ்சம் தெரியுது, அதையும் அளக்கணும்.