ராமநாதபுரம் கடலோரம் வேனிலேயே தங்க: தண்ணீருக்கும் ராத்தங்கலுக்கும் இடம் சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. பொங்கல் முடிந்ததும் நானும் அம்மாவும் எங்கள் வேனிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், அப்புறம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை மெதுவாகப் போகலாம் என்றிருக்கிறோம். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) அமைதியாகக் கிடக்கும் என்பதால் இரவுகளைப் பெரும்பாலும் மன்னார் வளைகுடாப் பக்கமே வைத்துக்கொள்ள நினைக்கிறேன். தனுஷ்கோடியில் இருட்டினபின் இருக்க விடமாட்டார்கள், பூநாரை பார்க்கப் பகலில் போய்வந்துவிடுவோம்.

பெரிய கவலை தண்ணீர்தான். வண்டியில் இருப்பது 100 லிட்டர் தொட்டி. பாத்திரம் கழுவ உப்புத்தண்ணீர் போதும், சமைக்க நல்ல தண்ணீர் வேண்டும். ஆனால் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊர்களில் போய் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் காசு கொடுத்துத் தொட்டி நிரப்ப எங்கே முடியும்?

அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் உட்காரும் வசதியுள்ள கழிப்பறை பக்கத்தில் இருந்து, இரவு வண்டி நிறுத்த அனுமதிக்கிற லாட்ஜோ பெட்ரோல் பங்க்கோ தெரிந்தால் சொல்லுங்கள். கழுவின தண்ணீரைக் கரையில் கொட்டமாட்டோம், கடற்புல்லும் பவளப்பாறையும் இருக்கிற கடல் அது. அதை எங்கே ஊற்றலாம் என்பதையும் அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.