பொருள்: பயோசாருக்குத் தமிழ், வெள்ளிக்கிழமைக்குள்

நண்பர்களே, தேக்கு நட்ட விவசாயிகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டுக்கு இரண்டு மீட்டரில் நட்ட தேக்கை நாலைந்து வருடத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வெட்டி எடுப்பார்களே, அந்த ஒல்லித் தடிகளை விறகாகத் தள்ளிவிடாமல், காற்றுப் புகாதபடி சுட்டுக் கரியாக்கி மண்ணில் இடச் சொல்கிறது. இப்படி நெருக்கம் குறைய வெட்டி எடுப்பதற்கு (thinning), 'பயிர் கலைத்தல்' இருக்கிறதே என்று 'மரம் கலைத்தல்' போட்டுவிட்டேன். மண்ணில் இடும் அந்தக் கரிதான் பயோசார் (biochar), அதற்கு 'உயிர்க்கரி' சரியா?

---

> உயிர்க்கரி

வேண்டாம். 500 டிகிரியில் வெந்த கட்டையில் ஏது உயிர்? உயிர் உரத்தில் நுண்ணுயிர் இருக்கிறது, பெயர் பொருந்தும். இதையும் அப்படி நினைத்து வெறுங்கரியை வயலில் கொட்டினால், அது முதலில் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும். சாணக் கரைசலிலோ தொழுவுரத்திலோ ஊறப்போட்டுத்தான் இட வேண்டும். மண்ணுக்குப் போகிற கரி, 'மண்கரி'. தீர்ந்தது.

---

தீரவில்லை ஐயா. 'ணன வல்லினம் வரட் டறவும்' என்ற நன்னூல் விதி மறந்துவிட்டதா? வல்லினம் வந்தால் ண் ட் ஆகும், ன் ற் ஆகும். மட்குடம், மட்பாண்டம் போல 'மட்கரி' என்றுதான் வரும். வந்தால் மட்கிய கரி என்று படிப்பார்கள், மட்காமல் நூற்றாண்டுக் கணக்கில் கிடப்பதுதானே இதன் சிறப்பே! அமேசான் பழங்குடிகள் உண்டாக்கிய கறுப்பு மண்ணில் அந்தக் காலத்துக் கரி இன்னும் இருக்கிறது. அதோடு 'கரி' என்றால் யானை, சாட்சியும்கூட (குறளில் 'இந்திரனே சாலுங் கரி'). 'இருந்தை' என்று அழகான பழஞ்சொல் அகராதியில் தூங்குகிறது, பொருள் கரிதான். இருள், இரும்பு எல்லாம் ஒரே கருமை வேர். மண்ணில் இருந்துகொண்டே இருப்பதால் இருந்தை என்றும் கொள்ளலாம்!

---

யானைக் கரி வடமொழி, அது வேறு சொல். இருந்தை என்று அச்சடித்தால் எங்கள் ஊரில் எழுத்துப்பிழை என்று திருத்திவிடுவார்கள்.

இராமநாதபுரம் பக்கம் வந்து பாருங்கள். சீமைக்கருவேலங்கட்டையை நெருக்கமாக அடுக்கி, தழை போட்டு, மேலே ஈரமண் பூசி மூட்டம் போடுவார்கள். வெள்ளைப் புகை வந்தால் இன்னும் ஈரம் போகிறது, புகை மெலிந்து நீலமாகிவிட்டால் ஓட்டையை எல்லாம் அடைக்க வேண்டியதுதான், கொஞ்சம் அசந்தாலும் சாம்பல்தான் மிஞ்சும். 'மூட்டக்கரி' என்று வையுங்கள், செய்முறையும் பெயரிலேயே வந்துவிடும்.

---

அது அடுப்புக்கும் பட்டறைக்கும் போகிற கரி அண்ணா. இதை எரிக்காதே, புதை என்று சொல்லத்தான் தனிப் பெயரே தேடுகிறோம்.

சரி, இப்போதைக்கு மண்கரிக்குத்தான் ஆள் அதிகம். மண்பானை என்று ஊரே சொல்கிறது, மண்கரியும் நிற்கும். முதல் இடத்தில் மட்டும் பயோசாரையும் சேர்த்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். நன்றி.

---

அனுப்புங்கள், ஆனால் நான் ஒப்பவில்லை என்று பதிவாகட்டும். நிலக்கரி என்று ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது மண்கரி என்றால் நெய்வேலியில் தோண்டுவதா என்று கேட்க மாட்டார்களா? அப்புறம் அந்த 'மரம் கலைத்தல்', அதை யாருமே கவனிக்கவில்லை. கருக்கலைப்புதான் நினைவுக்கு வருகிறது. தனி இழையில் எழுதுகிறேன்.