அம்மாயி வீட்டுக் குழு: மல்பே தீவுப் பயணம்

கார்த்தி (திருப்பூர்), மாலை 7.10
அனைவருக்கும் வணக்கம். பொங்கல் நோம்பி முடிந்த வாரத்தில் கன்னியாகுமரி போவதாகப் பேசியிருந்தோம். அதற்குப் பதிலாக, உடுப்பிக்கு அருகே மல்பே துறைமுகத்திலிருந்து படகில் செல்லும் செயின்ட் மேரீஸ் தீவுக்குப் போகலாமா? மணலைவிடச் சிப்பிகளே அதிகம் கிடக்கும் கரையும், யாரோ செதுக்கி நட்டுவைத்தது போன்ற கல்தூண்களும் அங்கே உள்ளன. மழைக்காலத்தில் படகு ஓடாது. தை மாதம் ஏற்ற காலம்.

பெரிய மாமா (கோபி), 7.31
நல்ல யோசனை, கார்த்தி. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒட்டியிருந்த இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தில் வெளிவந்த எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறை அது. சித்திரை வெயிலில் நம் ஊர்க் குளம் வற்றும்போது சேறு காய்ந்து சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பதை நீ பார்த்திருப்பாய். அதே போலக் குழம்பும் ஆறும்போது சுருங்கி விரிசல் விட்டு, அந்த விரிசல் உள்ளே இறங்கிக்கொண்டே போனதால்தான் ஐந்து முகமும் ஆறு முகமுமாகத் தூண்கள் பிரிந்து நிற்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. 1498-இல் வாஸ்கோ ட காமா அங்கே இறங்கிப் பெயர் சூட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதை நான் தேர்வில் கேட்க மாட்டேன்.

சுமதி சித்தி (ஈரோடு), 7.40
அண்ணா, பாடம் புரிந்தது. சிப்பி அவ்வளவு கிடக்கிறது என்றால் ஒரு துணிப்பை நிறைய அள்ளி வந்து, முற்றத்துத் தொட்டிச் செடிகளைச் சுற்றி அடுக்கலாம் என்று இருக்கிறேன்.

திவ்யா (கோவை), 7.44
அம்மா, அந்தப் பையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெற்றுச் சங்கு என்று நாம் நினைப்பதற்குள் துறவி நண்டு குடியிருக்கக்கூடும். இல்லையென்றாலும் அந்த நண்டு வளர்ந்து வீடு மாற்றும்போது தேடுவது வெற்றுச் சங்கைத்தான். உடைந்த சிப்பி அலையில் அரைபட்டு அந்தக் கரைக்கே மணலாகிறது. சில சங்கு வகைகளை எடுப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே தடுக்கிறது. எந்தச் சங்கு எந்த வகை என்று கரையில் நின்று உங்களாலோ என்னாலோ பிரித்துச் சொல்ல முடியாது.

சுமதி சித்தி, 7.52
ஒருவர் ஒரு பிடி எடுத்தால் கடல் குறைந்துவிடுமா, கண்ணு?

பெரிய மாமா, 8.03
சுமதி, நம் தோட்டத்து வேலியோரம் இருக்கும் நெல்லி மரத்தை நினைத்துப் பார். வழியில் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டுதான் பறிக்கிறார்கள். ஆனால் நமக்கு ஊறுகாய் போடக் காய் மிஞ்சியதில்லை. அந்தத் தீவோ நம் தென்னந்தோப்பு அளவுக்கு ஒடுங்கியது, விடுமுறை நாளில் படகு படகாக ஆள் இறங்கும் இடம். அதனால் சனி, ஞாயிறு வேண்டாம்; செவ்வாய்க்கிழமை முதல் படகில் போவோம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தூண்களின் மேல் பெயர் கீறுவதும், கல்லைப் பெயர்த்து எடுப்பதும் நம் வீட்டுப் பிள்ளைகள் செய்யக் கூடாதவை.

கார்த்தி, 8.09
பாறை விளிம்பில் நின்று படம் எடுப்பதும் கூடாது, மாமா. பாசி படிந்த கல்லில் கால் வழுக்கி அலையில் விழுந்து உயிர்விட்டவர்கள் அங்கே உண்டு. பவானியிலும் வாய்க்காலிலும் நீச்சல் பழகிய துணிச்சலில் நான்கூட இறங்கியிருப்பேன். காவலர் காட்டும் இடத்தைத் தாண்டி யாரும் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்.

திவ்யா, 8.15
சாப்பாட்டைப் பற்றியும் இப்போதே முடிவு செய்வோம். போன ஆடிப் பதினெட்டுக்குக் கொடிவேரி அணையில் நாம் எழுந்து வந்த இடத்தை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தண்ணீர்ப் பாக்கெட்டுகளும் தட்டுகளும் யாருடையவை என்று அதைப் பார்த்தாலே தெரியும். தீவில் போட்டால் அது நேரே கடலுக்குத்தான் போகும். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பழைய அரிசிப் பையும் போதும்.

சுமதி சித்தி, 8.21
சரி, சிப்பி வேண்டாம், படத்தோடு திருப்திப்படுகிறேன். வேனில் போகிறோமா, ரயிலிலா? வேன் ஏறும் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

கார்த்தி, 8.24
ஈரோட்டில் இரவு ரயில் ஏறினால் காலையில் மங்களூரில் இறங்கலாம், சித்தி. அங்கிருந்து உடுப்பிக்குப் பேருந்து இருக்கிறது. திம்பத்தில் இரவுப் போக்குவரத்துத் தடையும் இருப்பதால் ரயிலே மேல்.

திவ்யா, 8.40
அம்மாயி சொல்லச் சொல்லி நான் எழுதுகிறேன்: "எலுமிச்சைச் சோறும் இட்லியும் நான் கட்டித் தருகிறேன். தூக்குப்போசி எண்ணி எட்டுத் தருவேன். எட்டும் மூடியோடு திரும்பி வர வேண்டும். கொடிவேரியில் ஒரு மூடியை விட்டுவிட்டு வந்தது யாரென்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை."

கார்த்தி, 8.47
அது நான்தான், அம்மாயி.