கும்பகர்ணன் நியாயம் ஊருக்கு நியாயமா?

பென்னாகரத்தான்:
பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிறது. நேற்று இரவு துகில் கூத்து. துச்சாதன வேஷம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்தினார். கற்பூரம் ஏற்றி, அம்மன் இருந்த திசையில் கிரீடம் தரையில் இடிக்க விழுந்து கும்பிட்டு, "வேஷத்துக்காகச் செய்கிறேன் தாயே, பொறுத்துக்கொள்" என்று சொன்ன பிறகே எழுந்தார். நடிக்கிறவருக்கே அவ்வளவு கூச்சம். சபையில் உட்கார்ந்திருந்த பீஷ்மருக்கும் துரோணருக்கும் அது வரவில்லை. "நெட்டை மரங்களென நின்று" என்று பாரதி எழுதியது அஸ்தினாபுரத்து ஜனங்களை. எனக்கு அது சபைக்குள் இருந்தவர்களுக்கே அதிகம் பொருந்துகிறது.

கௌரவர் நூறு பேரில் விகர்ணன் ஒருத்தன்தான் எழுந்து நியாயம் கேட்டான். 'சின்னப் பையன் நீ, உனக்கென்ன தெரியும்' என்று கர்ணன் அடக்கினான். அதே விகர்ணன் பிறகு அண்ணன் படையிலேயே நின்று 14-ஆம் நாள் பீமன் கையால் செத்தான்.

விடிந்ததும் டீக்கடையில் இதே பேச்சு. 'தப்பென்று சொன்னான், ஆனாலும் கூடப்பிறந்தவனை விடலை பார்' என்று விகர்ணனையும் கும்பகர்ணனையும் சேர்த்துப் பெரியவர்கள் புகழ்கிறார்கள். எனக்கு இது ஆகவே ஆகாது. தெரியாமல் தோள் கொடுப்பவனை மன்னிக்கலாம், தெரிந்து கொடுப்பவனை எதற்குப் புகழ வேண்டும்? அண்ணன் இராவணனை விட்டு இராமனிடம் போன வீடணன் (விபீஷணன்) செய்ததுதான் சரி.

ஓசூர் ஷிப்ட்காரன்:
அண்ணா, கும்பகர்ணன் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் இல்லை. கம்பராமாயணத்தில், இராவணனின் மந்திராலோசனையில் "பேசுவது மானம், இடை பேணுவது காமம்" என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னவன். தூக்கத்திலிருந்து எழுப்பி வந்தபோதும் "சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ" என்றுதான் கேட்டான். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாயிற்று, அண்ணன் கேட்கவில்லை. அப்புறம் என்ன செய்வது? எதிரி பாசறைக்குப் போவதா? வீடணன் வந்து கூப்பிட்டபோது அவன் சொன்னதைப் படியுங்கள்: "நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிது நாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது அங்குப் போகேன்." வாழ்க்கை நீரில் போட்ட கோலம் என்று தெரிந்தவன், வளர்த்த கடனைத் தீர்க்காமல் வரமாட்டேன் என்கிறான். இதைப் படித்துத் தொண்டை அடைக்காதவர் யார்?

நான் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையில் இருக்கிறேன். ஆள் எடுக்கும் காண்ட்ராக்டர் என் சித்தப்பா. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர். பையன்களுக்கு ஓவர்டைம் காசை இழுத்தடிக்கிறார். கேட்டேன், சண்டையும் போட்டேன். அதற்காக அவரை விட்டுவிட்டு எதிர் காண்ட்ராக்டரிடம் போய் நிற்க மாட்டேன். இதில் பயம் எதுவும் இல்லை. அவர் போட்ட சோறு.

பென்னாகரத்தான்:
தம்பி, உங்கள் சித்தப்பா மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பீஷ்மரும் இதையேதான் சொன்னார். களத்தில் தருமன் வந்து காலில் விழுந்தபோது, மனிதன் பொருளுக்கு அடிமை, கௌரவர் பொருளால் நான் கட்டுண்டேன் என்றார். அவ்வளவு பெரிய மனிதர், அவ்வளவு சின்னக் காரணம்.

அரூர் வாசகன்:
வீடணனை நல்லவனாக்க எல்லாரும் அவசரப்படுகிறீர்கள். போன இடத்தில் அவனுக்கு இலங்கை அரசு கிடைத்தது. அண்ணன் மகன் இந்திரசித்து போரில் வெல்ல ரகசியமாகச் செய்த நிகும்பலை வேள்வியைக் காட்டிக்கொடுத்ததும் அவன்தான். ஒதுங்கிப் போயிருந்தால் அறம் என்று ஒப்புக்கொள்வேன். வீட்டு ரகசியத்தைச் சொல்லிப் பிள்ளையைச் சாகடித்துவிட்டு நாற்காலியில் உட்காருவதற்கு என்ன பெயர்?

ஊத்தங்கரை டீச்சர்:
அரசுக்கு ஆசைப்பட்டான் என்ற குற்றச்சாட்டை முதலில் சொன்னது யார்? இராவணன்தான். வீடணன் இரணியன் கதையைச் சொல்லிப் புத்தி சொன்னதும், 'தகப்பன் உடலை மாயவன் பிளந்ததைப் பார்த்து மகிழ்ந்த பிள்ளைக்கு நீதான் நிகர், நான் தோற்ற பிறகு என் செல்வத்தை எடுத்து வாழலாம் என்பது உன் கருத்தா' என்கிறான். இராவணன் போட்ட பழியை நாம் இன்றுவரை தூக்கிச் சுமக்கிறோம். வீடணன் போர்க்களத்தில் கும்பகர்ணனைப் பார்த்தபோது, எனக்குக் கிடைத்த இலங்கையும் அரசும் உனக்கே தருகிறேன், நீ சொன்ன வேலையைச் செய்துகொண்டு நிற்கிறேன் என்றான். பதவிக்குப் போனவன் அதை இன்னொருவனுக்குக் கொடுக்க வருவானா? அவன் தானாக ஓடவும் இல்லை. கண் முன்னால் நின்றால் சாவாய், போ என்று இராவணன் துரத்தினான்.

ஆனால் நான் பேச வந்தது வேறு. அடக்குமுறை பயத்தை வைத்து ஆள்கிறது என்கிறோம். இலங்கையில் அது பாதி உண்மைதான். மாரீசன் விஷயத்தில் நேரடிப் பயம்: மானாகப் போகாவிட்டால் இராவணன் வாள், போனால் இராமன் அம்பு. இரண்டில் இராமன் கையால் சாவதே மேல் என்று போனான். அவனிடம் நமக்குப் பெரிய கேள்வி இல்லை.

சொந்த ரத்தத்திடம் இராவணன் வாளைக் காட்டி மிரட்டத் தேவையே இல்லை. 'நீ பயந்துவிட்டாய்' என்று சொன்னால் போதும். வீடணனிடம் "அஞ்சினை ஆதலின் அமர்க்கும் ஆள் அலை", பயந்துவிட்டாய், சண்டைக்கு நீ ஆள் இல்லை என்றான். கும்பகர்ணன் சீதையை விட்டுவிடச் சொன்னபோது, இரண்டு மனிதரை வணங்கி, கூன் குரங்கையும் கும்பிட்டு உயிர் பிழைப்பது உனக்கும் உன் தம்பிக்குமே கடன், நான் செய்ய மாட்டேன், எழுந்து போ என்றான். உடனே கும்பகர்ணன் என்ன செய்தான்? மன்னிப்புக் கேட்டுச் சூலத்தை எடுத்தான். எவ்வளவு நியாயம் பேசினாலும் கடைசியில் 'நான் கோழை இல்லை' என்று நிரூபிக்கப் போகிறான். ஓசூர் தம்பி காட்டிய மந்திராலோசனையிலேயே இதற்கு வித்து இருக்கிறது. 'பேணுவது காமம்' என்று இடித்துரைத்த அதே வாயால், இனி சீதையை விட்டால் நாம் எளியவர் ஆகிவிடுவோம், சண்டையில் செத்தாலும் பழியில்லை என்றும் சொல்கிறான்.

இந்திரசித்து இன்னும் பாவம். இலக்குவனோடு மோதிப் பார்த்துத் திரும்பி, அப்பனிடம் சீதை மேலுள்ள ஆசையை விடு என்கிறான். அதைச் சொல்லும் முன், "ஆதலால் அஞ்சினேன் என்று அருளலை", பயந்துவிட்டேன் என்று நினைக்காதே என்று முன்ஜாக்கிரதையாக ஒரு வேலி போட்டுக்கொள்கிறான். இந்திரனையே கட்டிக்கொண்டு வந்தவன்! அவனுக்கே அந்தப் பட்டம் வந்துவிடுமோ என்ற பதற்றம். அந்த வீட்டில் அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு வெளியே நடந்தவன் வீடணன் ஒருவன்தான். என் கணக்கில் அதுதான் தைரியம்.

கிரேக்கத்தில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் சோஃபக்ளீஸ் எழுதிய ஆண்டிகனி நாடகத்திலும் இதைப் பார்க்கலாம். தடையை மீறி அண்ணனை அடக்கம் செய்த பெண்ணுக்கு அரசன் கிரியோன் மரண தண்டனை தருகிறான். அவன் மகன் ஹீமோன் மரியாதையாகத்தான் பேச ஆரம்பிக்கிறான், ஊரே அவளுக்காக வருந்துகிறது என்கிறான். தகப்பன் பதில் சொல்லாமல் 'பெண்ணுக்கு அடிமை' என்று திட்டுகிறான். நியாயத்துக்குப் பதில் இல்லாதபோது ஆண்மையைக் குத்துவது எல்லா ஊர் அதிகாரத்துக்கும் கைவந்த கலை.

அரூர் வாசகன்:
இராவணன் சொன்ன பழி என்ற இடத்தை ஏற்கிறேன் டீச்சர். நிகும்பலை பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஊத்தங்கரை டீச்சர்:
எனக்கும் உறுத்துகிறது. உறுத்தாமல் செய்திருந்தால்தான் வீடணனை வெறுப்பேன். இந்திரசித்து களத்தில் அவனைச் சித்தப்பன் என்றும் பாராமல் வைதது ஒவ்வொன்றும் நியாயமாகவே கேட்கிறது.

ஓசூர் ஷிப்ட்காரன்:
டீச்சர், நீங்கள் சொன்னதை மறுக்க வழியில்லை, ஆனால் ஒரு பாட்டை விட்டுவிட்டீர்கள். கிளம்பும்போது கும்பகர்ணன், வென்று வருவேன் என்று சொல்ல மாட்டேன், விதி பிடரியைப் பிடித்து உந்துகிறது, சாவேன், "பொன்றினால்" (செத்தால்) சீதையை விட்டுவிடு என்கிறான். வாயால் சொல்லிக் கேட்காத அண்ணனிடம் தன் சாவை வைத்துக் கேட்கிறான். செத்து விழும்போதும் இராமனிடம், அண்ணன் கண்டால் தம்பி வீடணனைக் கொன்றுவிடுவான், அவனைப் பிரியாமல் காப்பாற்று என்றான். வீரத்தைக் காட்டப் போனவன் இதைப் பேசுவானா?

பென்னாகரத்தான்:
தம்பி, அவன் செத்த பிறகு இராவணன் சீதையை விட்டானா? விடவில்லை. அடுத்து மகனை அனுப்பினான். கும்பகர்ணன் சாவதற்கு முன் களத்தில் மாண்ட வானரங்களுக்கும் வீட்டில் அண்ணன் தம்பி உண்டுதானே? கதை கேட்கும்போது நாம் அவன் தொண்டையடைப்பை மட்டும் கேட்கிறோம்.

நேராகவே கேட்கிறேன். காசு வராத பையன்கள் உங்களிடம் வந்தால் என்ன சொல்வீர்கள்?

ஓசூர் ஷிப்ட்காரன்:
வந்தார்கள் அண்ணா. யார் எத்தனை மணி நேரம் கூடுதலாக நின்றார் என்று தேதி போட்டு எழுதி, சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். வீட்டுக்கு வராதே என்றார், போவதில்லை. சித்தி மட்டும் போன் செய்வார். ஆனால் வேலையை விடவில்லை, அவரைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை தப்பாகப் பேச விடவும் மாட்டேன். இதைக் கும்பகர்ணன் பக்கம் சேர்ப்பீர்களோ வீடணன் பக்கம் சேர்ப்பீர்களோ, நான் கும்பகர்ணன் பக்கம்தான் நிற்கிறேன்.

பென்னாகரத்தான்:
நான் இன்னும் உங்கள் கட்சி இல்லை. ஆனால் அந்தத் தாளை நகல் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி உண்டு. காண்ட்ராக்டர் தராவிட்டால் கம்பெனிதான் கொடுத்தாக வேண்டும், அதை உங்கள் சித்தப்பாவுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.