ஒன்னாப்புக்கு ஏழு மணி வேனா, பக்கத்துப் பள்ளியா?

ஒத்தக்கடை_அம்மா:
மக யூ.கே.ஜி. முடிச்சு வர்ற ஜூன்ல ஒன்னாப்பு போகணும். இப்பப் படிக்கிற தனியார் பள்ளி மதுரை அண்ணா நகர்ப் பக்கம். ஏழு பத்துக்கு வேன் வந்துரும். எங்க தெருவுக்குப் பின்னாடியே ஒன்றியத் தொடக்கப்பள்ளி இருக்கு, காலைச் சாப்பாடும் போடுறாங்க. அங்க சேத்துரலாம்னு நானும் அவ அப்பத்தாவும் நினைக்கிறோம், அவ அப்பாவுக்கு மனசு ஒப்பல. இந்த வருசம் பூராம் வாயில வச்ச தோசைய முழுங்காம கன்னத்துல அடக்கிக்கிட்டேதான் வேன் ஏறுனா. சாயங்காலம் டப்பாவைத் திறந்தா மத்தியானச் சோறும் பாதி அப்படியே இருக்கு.

ஆனையூர்_அப்பா:
அவசரப்படாதீங்க தங்கச்சி. சாப்பாட்டுக்காகப் பள்ளிக்கூடத்தை மாத்துவாங்களா? கல்வி உரிமைச் சட்டப்படியே 60 பிள்ளைகள் வரைக்கும் ரெண்டு டீச்சர்தான். அஞ்சு வகுப்புக்கு ரெண்டு பேரு! ஒருத்தர் பயிற்சி, மீட்டிங்னு போயிட்டா மிச்சம் ஒருத்தர். எங்க அண்ணன் மகன் அப்படி ஒரு பள்ளியில அஞ்சாப்பு முடிச்சு வந்தப்ப இங்கிலீஷ எழுத்துக்கூட்டித்தான் வாசிச்சான். டியூசன் வச்சுத் தேத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

செல்லூர்_தறிவீடு:
சாப்பாட்டை இளக்காரமாப் பேசாதீங்கண்ணே. அந்தக் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15-ல நம்ம நெல்பேட்டைப் பள்ளியிலதான் தொடங்குனாங்க. எங்க வீட்ல ரெண்டு பேரும் விடியக்காலையே வேலையில உக்காந்துருவோம். முன்னாடி எம்மகன் டீயும் பன்னுமாத்தான் கிளம்புவான். இப்ப உப்புமா, கிச்சடி, பொங்கல்னு சாம்பாரோட சூடாச் சாப்பிடுறான். கூட நாலு பிள்ளைக உக்காந்து சாப்பிடுறதப் பாத்து இவனும் ஊட்டாமலே சாப்பிடப் பழகிட்டான். வெறும் வயித்துல எந்த இங்கிலீஷ் ஏறும்?

மேலூர்_டீச்சர்:
ரெண்டு டீச்சர் பள்ளி கஷ்டம்தான், அதை மறைக்கல. ஆனா 2022-லயிருந்து சின்ன வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்திருக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு அவங்கவங்க கற்றல் நிலையப் பாத்துப் பிரிச்சு, ஆட்டம், பாட்டு, செயல்பாடுன்னு நடத்துறோம். எழுத்தே தெரியாம வர்ற பிள்ளைக்கும் அதுல இடம் இருக்கு. அரசுப் பள்ளிகள்ல 2012-13-லயிருந்தே ஆங்கிலவழிப் பிரிவும் தொடங்கியிருக்காங்க. உங்க பள்ளியில அது இருக்கா, எத்தனை டீச்சர்னு நேர்ல போயிக் கேளும்மா.

ஆனையூர்_அப்பா:
நீங்க நல்லா நடத்தியிருப்பீங்க டீச்சர். எல்லாரும் அப்படியா? இன்னொரு கணக்கும் சொல்றேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மெடிக்கல்ல 7.5 சதவீத ஒதுக்கீடு, பொம்பளப் பிள்ளைக காலேஜ் போனா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா. ரெண்டுக்குமே ஆறாப்புலயிருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்சாப் போதும். அஞ்சாப்பு வரைக்கும் தனியார்ல அஸ்திவாரம் போட்டுட்டு அப்புறம் மாத்துங்க. இப்ப மாத்தி என்ன ஆதாயம்?

ஒத்தக்கடை_அம்மா:
கணக்கு சரிதான் அண்ணே. ஆனா அந்த அஞ்சு வருசமும் வேன்ல போறது எம்புள்ள. சாயங்காலம் வேன் மாட்டுத்தாவணியில மாட்டிக்கிட்டா, வெயில்ல வெந்து, பை மேலயே தலையச் சாய்ச்சுத் தூங்கிப்போயி வர்றா. எழுப்பி வீட்டுப்பாடம் எழுதச் சொன்னா அழுகை. காலையில நானும் அவளும் பேசிக்கிறதே "முழுங்கு, சீக்கிரம் முழுங்கு"ங்கறதுதான். பக்கத்துப் பள்ளின்னா அப்பத்தா கையப் பிடிச்சுக்கிட்டு எட்டரைக்குக் கிளம்பலாம். அந்த ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு எந்த ஒதுக்கீடும் ஈடாகாதுண்ணே.

புதூர்_மருமகள்:
அக்கா, எங்க வீட்லயும் இதே பேச்சுதான். "நாலு பேரு என்ன சொல்லுவாங்க"ன்னு மாமனார் ஒத்தக்கால்ல நின்னாரு. அந்த நாலு பேரும் வேன் பீஸ் கட்ட வரல. நாங்க மாத்திட்டோம். ஒரு சந்தேகம், பாக்கி பீஸ் இருக்குன்னு டி.சி. தராம இழுத்தடிச்சா என்ன பண்றது டீச்சர்?

மேலூர்_டீச்சர்:
டி.சி. தாமதமாகுதுன்னு அரசுப் பள்ளியிலயோ அரசு உதவி பெறும் பள்ளியிலயோ சேர்க்கைய மறுக்கக் கூடாதும்மா. கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கிட்டுப் போங்க.

ஆனையூர்_அப்பா:
சரி தங்கச்சி, லீவு விடுறதுக்குள்ள ஒருதரம் போங்க. மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போங்க. மூணாப்புப் பிள்ளை யாரையாவது கூப்பிட்டு இங்கிலீஷ் பாடத்துல ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. தடங்காம வாசிச்சிட்டா அதுக்கு மேல நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.