புதுப்பிப்பு: தூக்கப்பட்ட 100ஆம் இலக்க பஸ் மோட் திரும்ப வந்துவிட்டது

போன மாதம் புலம்பியிருந்தேனே, பாணந்துறை–புறக்கோட்டை 100ஆம் இலக்க பஸ்ஸை ஒரு கேமுக்கு மோடாக (கேமில் நாமே சேர்க்கும் கூடுதல் பகுதி) செய்து போட்டேன், மூன்றாம் நாளே பதிப்புரிமை முறைப்பாடு என்று தளத்திலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று. உள்ளே ஓடிய சினிமாப் பாட்டுகளால்தான் என்று நினைத்து எல்லாரையும் திட்டித் தீர்த்தேன். பாட்டும் பிழைதான், ஆனால் முறைப்பாடு வந்தது சில்லுகளுக்கும் ஸ்டியரிங்குக்கும். கூட வேலை செய்த தம்பி அவற்றை வேறொரு கேமிலிருந்து அப்படியே உருவியிருக்கிறார்!

இலவசமாகத்தானே கொடுத்தீர்கள், அதில் என்ன பிழை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு (அனுமதி இல்லாமலே பயன்படுத்த விடும் விலக்கு) இருக்கிறதுதான், ஆனால் காசு வாங்கினாயா என்பது அதில் ஒரு கேள்வி மட்டுமே, எவ்வளவு எடுத்தாய், உரியவரின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

சரி, சில்லையும் ஸ்டியரிங்கையும் நாங்களே புதிதாகச் செய்தோம். பாட்டுகளை எடுத்துவிட்டு, வெள்ளவத்தையில் ஒரு பின்னேரம் முழுக்க நின்று ஹோர்ன் சத்தத்தையும், அனுமதி கேட்டு ஒரு கொண்டக்டர் அண்ணை "கொட்டுவ, கொட்டுவ" (சிங்களத்தில் கோட்டை) என்று கூவுவதையும் போனில் பதிவு செய்தேன். பாட்டை விட அதுதான் அசல் 100 மாதிரி இருக்கிறது.

நேற்று ஏற்றியாயிற்று. பிரேக் சத்தம் மட்டும் இன்னும் லொறி மாதிரிக் கேட்கிறது, இந்தக் கிழமை திருத்துகிறேன்.